மூன்றுக்கு மூன்று

மூன்று மீற்றர் நீளம், மூன்று மீற்றர் அகலம்.
ஒரு நாடு அதற்குள் அடங்கிவிடும்.
மேசை ஒன்று, நாற்காலி மூன்று,
பின்சுவரில் பனி மூடிய பல்கலைக்கழகம்,
அதன் வாசலில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும்
நாலு நிறத்துப் பிள்ளைகள்.

ஆறரைக்குக் கல்விக் கண்காட்சி முடிந்தது.
விடிந்தால் கல்யாணக் கண்காட்சி.
நடுவில் கிடந்தது எங்கள் இரவு.
நூற்றுப்பத்துக் கூடுகளைக் கழற்றி
மண்டபத்தை வெறுந்தரையாக்கி
அதில் மணவறை முளைக்கச் செய்யவேண்டும்.
வெளியே பௌத்தாலோக மாவத்தையில் மழை,
பின்வாசலில் லொறிகள்.

என் வேலை எழுத்து உரிப்பது.
சூட்டுக்காற்று ஊதி, பிளேட் நுனியால் கிளப்பி
பலகைக்கு நோகாமல் இழுக்கவேண்டும்.
இருபத்திரண்டாம் கூட்டில் கனடா.
டா முதலில் வந்துவிட்டது, துணைக்காலும் கூடவே.
மற்ற இரண்டும் பிடிவாதம்.

அப்போதுதான் அவன் வந்தான்.
மார்போடு அணைத்த மஞ்சள் கோப்பு,
தண்ணீர் கக்கும் சப்பாத்து.
அண்ணாந்து வாசித்தான்: ‘கன.’
"அண்ணே, கனடா இதுதானுங்களா?"
"இதுதான். ஆட்கள் போயிற்றினம்."
தலவாக்கலையில் காலையில் ஏறியவன்.
ரம்புக்கனைக்கு மேலே தண்டவாளத்தில் மரம் விழுந்து
மூன்று மணித்தியாலம் ரயில் நின்றதாம்.
"பாதிதான் இருக்கு" என்றான் பலகையைக் காட்டி.
எங்கள் பக்கம் அதுவும் ஒரு சொல்தான், சொன்னேன்:
கன தூரம். கன காசு.

நாற்காலிகளை எடுக்கச் சொல்லியிருந்தார்கள்.
கடைசியாக எடுக்கலாம் என்று விட்டேன்.
ஒன்றில் அவன் இருந்தான்.
ஒன்பது வருசம் இந்தக் கூடுகளுக்கு மேலே
ஏணியில் நின்று கேட்டதெல்லாம் எனக்குப் பாடம்.
எதிரே இருந்து, குரலைக் கொஞ்சம் மாற்றி,
"தம்பி, வங்கியில் ஆறு மாதத்துக்கு
எவ்வளவு காட்டுவீர்?" என்று கேட்டேன்.
வந்ததிலிருந்து முதல்முறை சிரித்தான்.
"ஆறு நாளைக்குன்னா காட்டலாம்."

கபில பாஸ் தூரத்திலிருந்து சிங்களத்தில் கத்தினார்:
மல்லி, பார்த்துக்கொண்டா இருக்கிறாய், அந்தப் பக்கம் பிடி!
கூலிக்கு வந்த பெடியன் என்று நினைத்துவிட்டார்.
நான் வாய் திறக்குமுன்
கோப்பை மேசையில் வைத்துவிட்டு
அவன் போய்ப் பிடித்தான்.

இரட்டை டேப் சர்ரென்று கிழியும் சத்தம்
அந்த உயரக் கூரையில் பட்டுத் திரும்பும்.
கார்ப்பெட்டுக்குக் கீழே தரையில்
பழைய சோக்கட்டி இலக்கங்கள்,
மாணிக்கக்கல்லுக்குப் போட்டது, மோட்டார் சைக்கிளுக்குப் போட்டது,
கோழித்தீவன மாநாட்டுக்கு நானே போட்ட ஐம்பத்தேழு.
அவன் குனிந்து ஒவ்வொன்றாய் வாசித்தான்,
பரீட்சை மண்டபத்தில் சுட்டெண் தேடுகிறவன் மாதிரி.

இரண்டு மணிக்குச் சோற்றுப் பார்சல்.
கோழிக் கால் தனக்கு வந்ததை நம்பாமல்
மற்றவர்களின் பார்சலையும் எட்டிப் பார்த்தான்.
சம்பளப் புத்தகத்தில் எல்லோரும் கிறுக்கும் இடத்தில்
முழுப்பெயர் எழுதினான்,
விண்ணப்பத்தில் எழுதுவதுபோல், தகப்பன் பெயர் முன்னால்:
ஆறுமுகம் டிலக்சன்.
கபில பாஸ் பெயரையும் பார்த்தார், ஆளையும் பார்த்தார்,
ஐந்நூறு கூட்டிக் கொடுத்தார்.

நாலரைக்குப் பொன்னிறச் சிம்மாசனங்கள் இறங்கின.
பூக்காரர்கள் ஐஸ்பெட்டியோடு வந்தார்கள்.
வாசல் பலகைக்கு எழுத்து ஒட்டும்போது
கல்யாணத்துக்கு ஒரு க குறைந்தது.
உரித்த க கிழியாமல் என் சட்டைக் கையில் ஒட்டியிருந்தது.
அதையே போட்டேன். கொஞ்சம் சரிவு.
யாரும் கவனிக்கப் போவதில்லை.

அவன் சுருட்டிய கார்ப்பெட்டின் மேல்
வாயைத் திறந்து நித்திரை.
கோட்டைக்கு முதல் பஸ் வரும் நேரம்
தட்டி எழுப்பினேன்.
"அடுத்த வருசம் முன்னேரம் வா."
"வாறேங்க. அதுக்கு முன்னாடி
கார்ப்பெட்டுக்கு ஆள் வேணும்னாலும் சொல்லுங்க."
மிஞ்சிக் கிடந்த கனடாக் கையேட்டை எடுத்தான்.
அட்டையில் எழுத இடம் தேடி,
அந்தப் பிள்ளைகளுக்குப் பின்னால்
வெள்ளையாய்க் கிடந்த பனியில்
தொலைபேசி இலக்கத்தை எழுதி
என்னிடம் தந்தான்.